ஆம்னி கிலுகிலுத்தா எத்தனாலைத் திட்டாதீங்க

பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம்ம சனங்ககிட்ட இன்னும் எத்தனை பழைய மாருதி ஆம்னி உயிரோட இருக்குன்னு தெரியணுமா? பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி அத்திப்பள்ளி டோல்கேட்ல போய் நில்லுங்க. மேல கேரியர்ல கட்டில், உள்ள எட்டுப் பேர், நடுவுல ஒரு மிக்சி அட்டைப்பெட்டி. வாரம் பூரா சரக்கு ஏத்துற பிக்கப் அதுதான், லீவு விட்டா குடும்பக் காரும் அதுதான். 1984-ல வந்த வண்டி. 2019-ல உற்பத்தி நின்னு போச்சு. 796 சிசி, மூணு சிலிண்டர், இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில.

முன்சீட்டுக்கு அடியில இருக்கிறதால அது என்ன முனகினாலும் ஓட்டுறவருக்கு முதல்ல கேட்டுடும். மேடு ஏறும்போது, லோடு இருக்கும்போது, நாலாவது கியர்லயே விடாம மிதிச்சா ஒரு சத்தம் வருமே, தகர டப்பாவுல புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கின மாதிரி? அதுதான் நாக்கிங். இந்தச் சத்தத்துக்கு இந்த ஊர்ல நம்மாளுங்க மூணு வைத்தியம் வச்சிருக்காங்க. ஒண்ணு, நூறு ஆக்டேன் பெட்ரோல் ஊத்துறது. ரெண்டு, இ20 பெட்ரோலைத் திட்டுறது. மூணு, மெக்கானிக் சொன்னாருன்னு இன்ஜினைப் பிரிச்சு போர் பண்றது. மூணுமே தப்புன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு கணக்கு. ஆம்னி பிறந்த காலத்துல நம்மூர் பங்க்ல கிடைச்ச சாதா பெட்ரோல் 87 ஆக்டேன். அதைக் குடிச்சு ஓடத்தான் அந்த இன்ஜினைச் செஞ்சாங்க. இன்னைக்குச் சாதா பெட்ரோலே அதைவிட ஆக்டேன் கூடினது. அன்னைக்கு 87-ல சத்தம் போடாத இன்ஜின் இன்னைக்கு அதைவிட நல்ல பெட்ரோல்ல சத்தம் போடுதுன்னா, கோளாறு எங்க இருக்கு? பெட்ரோல்லயா, வண்டியிலயா? இதைச் சொன்னா "இல்ல சார், எக்ஸ்பி100 போட்டேன், சத்தம் நின்னுடுச்சு"ன்னு பதில் வரும். நிக்கும்தான். காய்ச்சல்காரனுக்கு ஐஸ் வச்சாலும் சூடு இறங்கும். ஆக்டேன்ங்கிறது பெட்ரோலோட சக்தி இல்லீங்க. அழுத்தத்துலயும் சூட்டுலயும் தானா வெடிச்சுடாம தாக்குப் பிடிக்கிற குணம். அவ்வளவுதான். சிலிண்டர்ல பிளக் பத்தவச்ச தீ ஒரு மூலையிலிருந்து பரவி வர்றதுக்குள்ள, எதிர்மூலையில மிச்சமிருக்கிற கலவை தானாவே குபீர்னு வெடிக்குது பாருங்க, அதுதான் நமக்குக் கேட்கிற கிலுகிலு. விடாம வெடிச்சுக்கிட்டே இருந்தா ஹெட் கேஸ்கெட் போகும், பிஸ்டன்ல ரிங் உட்கார்ற வரம்பு உடையும்.

அடுத்தது எத்தனால். பிரதமர் 2023 பிப்ரவரி 6-ந்தேதி இ20 பெட்ரோலைத் தொடங்கி வச்சது இதே பெங்களூருலதான், எரிசக்தி மாநாட்டுல. 2025 ஆகஸ்ட்ல நாடு முழுக்க இதுக்குச் சண்டை. செப்டம்பர் 1-ந்தேதி உச்ச நீதிமன்றம் எத்தனால் கலக்காத பெட்ரோலும் வேணும்னு கேட்ட வழக்கைத் தள்ளுபடி பண்ணுச்சு. எனக்கு அந்தச் சண்டையில பாதி நியாயம் தெரியுது. பழைய வண்டிக்கு மைலேஜ் குறையுது. நிதி ஆயோக்கோட 2021 அறிக்கையே 6-லிருந்து 7 சதவீதம்னு ஒத்துக்கிட்டுச்சு. பழைய ரப்பர் குழாய் ஊறும். விலையும் குறைக்காம, வேற வழியும் விடாம திணிச்சது சரியில்ல. ஆனா நாக்கிங்குக்கு எத்தனாலைக் குத்தம் சொல்றது மட்டும் செல்லாது. எத்தனால் கலந்தா ஆக்டேன் ஏறும், இறங்காது. இது நூறு வருஷத்துக்கு முன்னாடியே அமெரிக்காவுல தெரிஞ்ச சங்கதி. ஜெனரல் மோட்டார்ஸ்ல தாமஸ் மிட்ஜ்லி நாக்கிங்குக்கு மருந்து தேடினப்போ ஆல்கஹாலும் கையில இருந்துச்சு. ஆனா 1921-ல கண்டுபிடிச்ச ஈயக் கலவையைத்தான் உலகத்துக்கு வித்தாங்க. அந்த விஷம் இந்தியாவுல 2000-லயும், கடைசியா அல்ஜீரியாவுல 2021-லயும்தான் நின்னுது.

சரி, கார்புரேட்டர் வண்டியில எத்தனால் ஒரு வேலை பண்ணும். அதுக்குள்ளயே ஆக்சிஜன் இருக்கிறதால கலவை கொஞ்சம் காத்து அதிகமாப் போகும். ஏற்கெனவே ஜெட்ல அழுக்கு அடைச்சு, கார்புரேட்டர் அடிப்பகுதி கேஸ்கெட்ல காத்து ஒழுகுற வண்டிக்கு அது மேற்கொண்டு ஒரு பாரம். ஆனா அந்த அழுக்கும் ஒழுக்கும் யாரோடது? உங்களோடது.

பெட்ரோல் நிஜமாவே குத்தவாளியா இருக்கிற ஒரே இடம் கலப்படம். மண்ணெண்ணெய் கலந்தா ஆக்டேன் சரசரன்னு இறங்கும். இந்தக் கலப்படத்தைத் தட்டிக்கேட்டதுக்காகத்தான் நம்ம கோலார் தங்கவயல்ல வளர்ந்த மஞ்சுநாத் சண்முகத்தை, இந்தியன் ஆயில் அதிகாரி அவர், 2005 நவம்பர்ல உத்தரப்பிரதேசத்துல லக்கிம்பூர் கேரியில சுட்டுக் கொன்னாங்க. அதனால சந்தேகம் வந்தா பங்க்கை மாத்தி ரெண்டு டேங்க் ஓட்டிப் பாருங்க. சத்தம் அப்படியேதான் இருக்குன்னா பெட்ரோலை விட்டுடுங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல சுமார் 900 மீட்டர். காத்தழுத்தம் கீழ இருக்கிறதைவிடக் கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு குறைவு, குளிர்ச்சியும் உண்டு. சிலிண்டருக்குள்ள போற காத்து கம்மி, அழுத்தமும் கம்மி, நாக்கிங்கும் கம்மி. அமெரிக்காவுல ராக்கி மலைப் பக்கம் ஆக்டேன் குறைஞ்ச பெட்ரோலையே தனியா விக்கிறாங்க, இதே காரணத்துக்காக. இந்த ஊர் மெக்கானிக் காதால கேட்டே டைமிங் வைக்கிறார். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி "பிக்கப் நல்லா வருது பாருங்கண்ணா"ன்னு அட்வான்ஸை ஏத்தி விட்டுடுறார். சில்க் போர்டு நெரிசல்ல அது தெரியவே தெரியாது. கிருஷ்ணகிரி இறங்கி, தருமபுரி தாண்டி, 280 மீட்டர் சேலத்துக்கு வந்து சேர்ந்தப்புறம் தெரியும். ஊர்ல இருந்து அரிசி மூட்டையோட திரும்பும்போது, மத்தியான வெயில்ல தொப்பூர் மேட்டுல நல்லாவே தெரியும்.

இன்னொரு பழைய பாவம் எரிவாயு. ஒரு காலத்துல இங்க ஆம்னிகளுக்கெல்லாம் எல்பிஜி கிட் மாட்டினாங்க. எல்பிஜிக்கு ஆக்டேன் நூறுக்கு மேல, அதனால டைமிங்கை முன்னாடி தள்ளி வப்பாங்க. அப்புறம் கிட்டைக் கழட்டுவாங்க, டைமிங்கை யாரும் பழையபடி வைக்க மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு, சிட்டி மார்க்கெட்ல இருந்து பூ ஏத்துறவங்க. ஒரு ஒர்க்‌ஷாப்ல "போர் பண்ணாத்தான் ஆகும்"னு இன்ஜினைப் பிரிச்சுட்டாங்க. மூணு வாரம் வாடகை ஆட்டோவுல பூ ஏத்தினாங்க அந்த அம்மா, பையனோட காலேஜ் பீஸுக்கு வச்சிருந்த பணமும் போச்சு. வண்டி வந்துச்சு, சத்தமும் கூடவே வந்துச்சு. கடைசியில ஒரு பெரியவர் டைமிங் லைட்டை வச்சுப் பார்த்து, எல்பிஜி காலத்து டைமிங் அப்படியே இருக்குன்னு சொல்லி, அரை மணியில சரி பண்ணினார்.

அதனால மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்களே பாருங்க. வண்டி நிக்கும்போதும் டக் டக்குன்னு சீரா வந்தா அது டாப்பெட், அது வேற கதை. லோடுல மட்டும் வந்து, காலை எடுத்தாலோ கியரைக் குறைச்சாலோ நின்னா நாக்கிங். சாவியை அணைச்ச பிறகும் இன்ஜின் ரெண்டு துடி துடிச்சு நின்னா உள்ள கார்பன் கரி கனலா இருக்குன்னு அர்த்தம். தண்ணி குறையுதா, ரேடியேட்டர் அடைச்சிருக்கா பாருங்க. தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டிருக்காங்களான்னு கேளுங்க. "நம்மூர் வெயிலுக்கு அது தேவையில்ல"ன்னு சொல்றவரை நம்பாதீங்க. குளிர்ந்தே ஓடுற இன்ஜின்ல கரிதான் சேரும்.

அப்புறம் பிளக். புத்தகத்துல போட்ட நம்பர்தானான்னு பாருங்க, கடைக்காரர் கையில இருந்ததை மாட்டியிருப்பார். அதுக்கப்புறம் டைமிங். பாயின்ட் வச்ச வண்டின்னா முதல்ல பாயின்ட் கேப், அது நகர்ந்தா டைமிங்கும் நகரும். பிறகு வேக்குவம் குழாயைக் கழட்டி அடைச்சுட்டு, ஐடிலிங்ல டைமிங் லைட் அடிச்சுப் பார்க்கணும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற குட்டி ஸ்பிரிங்கு ரெண்டும் தொங்கிப் போயிருந்தா அட்வான்ஸ் முன்கூட்டியே ஏறிடும், இதை நூத்துக்குப் பத்துப் பேர்கூடக் கழட்டிப் பார்க்கிறதில்ல. இவ்வளவும் சரியா இருந்து இன்னும் சத்தம்னா, அப்பதான் கார்புரேட்டர் சர்வீஸ், அதுக்கும் அப்புறம்தான் ஹெட்டைக் கழட்டிக் கரி சுரண்டுறது. போர் பண்றது இந்த வரிசையிலேயே கிடையாது. புகை நீலமா வந்து ஆயில் குடிச்சா மட்டும் அதைப் பேசலாம்.

டைமிங் லைட் இல்லாத ஒர்க்‌ஷாப்புன்னா, நன்றி சொல்லிட்டு வண்டியைத் திருப்புங்க. "காதாலயே வப்பேன்"னு அவர் பெருமைப்படலாம். அவர் காது பெங்களூருல இருக்கு, உங்க வண்டி தொப்பூர்ல ஏறப் போகுது.

பி.கு.: டீசல் பிக்கப் வச்சிருக்கிறவங்க இதைப் படிச்சுட்டு டைமிங் லைட் தேடாதீங்க. டீசலுக்குப் பிளக்கே கிடையாது, அது சத்தம் போடுறது இன்ஜெக்டர், பம்ப் சமாச்சாரம்.