ஆயாவின் சாய்வுப் பலகை



எங்கள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பல காலம் பிள்ளை பார்த்த ஆயா ஒருவர் இருக்கிறார். நானும் அவர் ஆட்டிய தொட்டிலில் தூங்கியவன்தான். மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பேரப்பிள்ளையை முகம் பார்த்துப் பேசட்டும் என்று ஒரு கைப்பேசி வாங்கிக் கொடுத்திருக்கிறான். ஆயா அதைக் கையில் எடுத்தால் அந்தப் பக்கம் தெரிவது ஆயாவின் முகம் அல்ல, லயத்து வீட்டுக் கூரை! இந்தப் பக்கமோ பேரன் முகத்தின்மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்து பளபளக்கிறது.

"வாத்தியாரே, இந்தப் பொட்டியிலே என் பேரன் மூக்கு எங்கே இருக்குன்னே தெரியலையே" என்றார் ஒரு நாள். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது.

தொலைபேசி செய்கிறவர்கள் நம் கண்ணை எண்ணிப் பார்ப்பதே இல்லையா என்று கேட்பீர்கள். பார்த்தவர்கள் உண்டு. 1949-இல் அமெரிக்காவில் ஹென்றி டிரைஃபஸ் என்பவர் வடிவமைத்த மேசைத் தொலைபேசி வந்தது. அதற்கு முன்பு எண்கள் விரல் விடும் துளைக்குள்ளேயே இருந்தன; விரலே அவற்றை மறைத்தது. புதியதில் எண்களைச் சுழல்தட்டுக்கு வெளியே பெரிதாகப் போட்டார்கள். வந்தது வேறு தொல்லை. வெறும் துளையில் விரல் எங்கே குறிவைப்பது என்று தெரியாமல் மக்கள் மெதுவாகச் சுழற்றினார்கள். பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான் கார்லின், துளைக்கு அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைக்கச் சொன்னார். வேகம் திரும்பிவிட்டது. ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

பின்னாளில் சிறு திரை வைத்த மேசைத் தொலைபேசிகள் வந்தன. அந்தத் திரையை நேராகப் பார்த்தால் எழுத்துத் தெரியும்; சற்று மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் மங்கிவிடும். அதனால் அடியில் ஒரு காலை வைத்து, உயர்த்தவும் தாழ்த்தவும் வழி செய்தார்கள். கைப்பேசியிலும் முயன்றார்கள். 2007-இல் எச்.டி.சி. நிறுவனத்தின் ஒன்றில் திரையை நகர்த்திச் சாய்த்து நிறுத்தலாம். 2020-இல் சாம்சுங் கொண்டுவந்த மடிப்புக் கைப்பேசியின் கீல் இறுக்கமானது. பாதி மடித்து மேசையில் வைத்தால் விட்ட கோணத்தில் நிற்கும். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு மாதக் கூலியை அப்படியே கொடுத்தாலும் புதிதாக அது கைக்கு வராது.

இதெல்லாம் கிழவர்கள் கவலை என்று இளையவர்கள் நினைக்க வேண்டாம். கழுத்து உங்களுடையதுதானே! நிமிர்ந்திருக்கும்போது தலையின் எடை 10 முதல் 12 பவுண்டு. 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்பு தாங்கும் சுமை 60 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 27 கிலோ என்று 2014-இல் நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். கணக்கில் கண்ட எண்தான். ஆளை நிறுத்தி அளந்ததன்று. இருந்தாலும் காண்டா வாளி சுமந்த தோள்களுக்கு 27 கிலோ என்றால் என்னவென்று நான் சொல்லவா வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆயாவுக்கு ஒரு பலகை செய்தேன். சாய்வு நாற்காலியில் கட்டையை மாற்றி மாற்றிப் பள்ளத்தில் வைப்போமே, அதே முறை. அடிப்பலகையில் மூன்று பள்ளம். முதுகுப் பலகைக்குப் பின்னால் ஒரு கால். கைப்பேசி வழுக்காமலிருக்க முன்னால் ஒரு விரற்கடை உயரத்தில் தடுப்பு. மின்கம்பி நுழைய அதில் ஒரு வெட்டு. இதைப் பிஸ்கட் டின்மேல் வைத்தால் ஆயாவின் முகத்துக்கு நேராக நிற்கிறது. எழுத்தளவையும் அமைப்பில் போய்ப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அதைச் செய்யக் காசு வேண்டாம், வீட்டிலுள்ள பள்ளிப்பிள்ளையே செய்துவிடும்.

அன்று மாலை ஆயா மூன்று பள்ளத்திலும் வைத்துப் பார்த்தார். இரண்டாவதில் ஜன்னல் வெளிச்சம் விலகியது. பேரன் முகம் தெரிந்தது. "வலது கண்ணாலே நல்லாத் தெரியுது தம்பி. இடது கண்ணாலே பார்த்தா புகை மூட்டின மாதிரி இருக்கு" என்றார். வாத்தியாராயிருந்தவன் அப்போது தம்பியாகிவிட்டேன்.

எனக்குத் திக்கென்றது. நாற்பதைத் தாண்டினால் வரும் வெள்ளெழுத்து எனக்கும் உண்டு. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போய்க் கிட்டத்து எழுத்து கலங்கும். தள்ளிப் பிடித்தால் தெளியும், கண்ணாடி போட்டாலும் சரியாகும். ஆயாவுக்கு அப்படி இல்லை. எவ்வளவு தள்ளி வைத்தாலும், எப்படிச் சாய்த்தாலும் அந்தக் கண்ணில் புகைதான். வெளிச்சத்தைப் பார்த்தாலே கூசுகிறது. இத்தனை மாதமாகக் கைப்பேசியைத்தான் குறை சொல்லிக் கொண்டிருந்தோம்.

மறுவாரம் மகன் வந்து அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். கண்புரை. பயப்பட வேண்டாம், அறுவை செய்து வேறு வில்லை வைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். தேதியைப் பிறகு தெரிவிப்பார்களாம்.

தேதி நேற்று கைப்பேசியில் வந்தது. பலகையை இரண்டாம் பள்ளத்தில் வைத்து, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, தேதி எண்ணை ஆயாவே வாசித்தார். ஒரு முறைக்கு இரண்டு முறை வாசித்துவிட்டு, "அன்னைக்குப் பள்ளிக்கூடம் லீவா தம்பி?" என்று கேட்டார்.