காருக்குப் பதில் கார்! கூலிக்குப் பதில் எங்கே?



'உபசாரக் கார்' என்று ஒன்று இருக்கிறது. கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அரைக் கோடி, ஒரு கோடி என்று விலை சொல்லும் சொகுசுக் கார்களை விற்கும் கடைக்காரர்கள் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு இது. 'கர்ட்டஸி கார்' என்பார்கள். மரியாதைக்காகக் கொடுக்கும் கார் என்று பொருள்.

சீமானின் கார் சர்வீசுக்குப் போகிறது. வேலை முடிய இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் சீமான் என்ன செய்வார்? பஸ்ஸில் தொங்குவாரா? ஆட்டோவுக்குக் கை காட்டுவாரா? அவருடைய அந்தஸ்து என்ன ஆவது! ஆகவே கடைக்காரரே இன்னொரு காரைக் கழுவித் துடைத்து, சாவியைச் சீமானின் கையில் கொடுத்து வழியனுப்புகிறார். வாடகை கிடையாது. தம்முடைய கார் தயாராகும் வரை சீமான் அதில் உலா வரலாம்.

உங்கள் சைக்கிளின் செயின் அறுந்தால் என்ன நடக்கிறது? மொபெட் வழியில் நின்றால் என்ன நடக்கிறது? "நாளைக்கு வாங்க அண்ணே" என்கிறார் மெக்கானிக். நீங்கள் நடந்து போகிறீர்கள். மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை. அவரும் நம்மைப் போல் உழைத்துப் பிழைப்பவர். பதிலுக்குக் கொடுக்க அவரிடம் இன்னொரு வண்டி ஏது?

"காசு கொடுத்தவன் அனுபவிக்கிறான், உங்களுக்கு ஏன் வயிற்றெரிச்சல்?" என்று சிலர் கேட்பார்கள். வயிற்றெரிச்சல் அல்ல ஐயா, கணக்குக் கேட்கிறோம். காசு யாருடைய காசு என்பதிலிருந்தே கணக்கைத் தொடங்கலாம். இந்தக் கார்களில் பல கம்பெனியின் பெயரில் வாங்கப்படுபவை. அப்படி வாங்கினால் வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் 'தேய்மானம்' என்று கழித்துக்கொள்ள நம் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. கார் தேய்கிறது என்று சர்க்கார் ஒப்புக்கொள்கிறது. நூற்பாலையில் 20 ஆண்டு நின்றே வேலை செய்தவரின் முழங்கால் தேய்ந்ததை எந்தக் கணக்கில் கழிக்கிறார்கள்?

இனி, இந்த மரியாதையைத் தருகிறவர்கள் யார், அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்ப்போம்.

ஒரு கம்பெனி, இரண்டு நியாயம்

ஜப்பானிய டொயோட்டா கம்பெனி 1989 செப்டம்பரில் அமெரிக்காவில் 'லெக்சஸ்' என்ற சொகுசுக் காரை இறக்கியது. ஜெர்மன் கார்களில் பழகிய அமெரிக்கச் சீமான்களைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். மூன்றே மாதத்தில் சோதனை வந்தது. பிரேக் விளக்கு ஒன்று சூடேறுகிறது, வயரிங்கில் கோளாறு என்று புகார் வந்தது. எத்தனை புகார்? இரண்டு!

கம்பெனி என்ன செய்தது? அதுவரை விற்றிருந்த சுமார் 8,000 கார்களையும் திரும்ப அழைத்தது. சொந்தக்காரரை அலைய விடவில்லை. ஆளை அனுப்பிக் காரை வாங்கி வந்து, பழுது நீக்கி, திரும்பக் கொண்டுபோய் விட்டது. தூரத்து ஊர்களில் இருந்தவர்களுக்காக ஆட்களை விமானத்தில் அனுப்பியது. வாடகைக்கு ஷெட் பிடித்து வேலையை முடித்தது. எல்லாம் 20 நாளில்! அதிலிருந்துதான் லெக்சஸின் 'உபசாரம்' உலகப் புகழ் பெற்றது. போட்டிக் கம்பெனிகளும் அதே வழியில் ஓடின. சந்தையைப் பிடிக்கும் ஆயுதமாக மரியாதை மாறியது.

அதே டொயோட்டாவுக்குப் பெங்களூர் அருகே பிடதியில் தொழிற்சாலை இருக்கிறது. 2020 தொடக்கத்தில் லெக்சஸ் கார் ஒன்றை அங்கேயே பூட்டி இந்தியச் சந்தைக்கு விடத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அங்குள்ள தொழிலாளர்களும் ஒரு புகார் சொன்னார்கள்: வேலைப் பளு தாங்க முடியவில்லை. புகார் சொன்னவர்கள் இரண்டு பேர் அல்ல. 3,000 பேருக்கு மேல் உறுப்பினராக இருந்த சங்கம்!

அவர்கள் வீட்டு வாசலுக்கு ஆள் வந்ததா? சங்கத்தைச் சேர்ந்த ஒருவரை சஸ்பெண்ட் செய்தார்கள். அதை எதிர்த்துத் தொழிலாளர்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். "சட்டவிரோதம்" என்று சொல்லிக் கம்பெனி கதவடைப்பு அறிவித்தது. பிறகு, வேலைக்குத் திரும்ப வேண்டுமானால் நன்னடத்தை உறுதிமொழியில் கையெழுத்துப் போடு என்றது. 2021 மார்ச் மாதத்தில்தான் போராட்டம் முடிவுக்கு வந்தது.

காரில் ஒரு விளக்கு சூடானதற்கு 20 நாளில் பரிகாரம். காரைப் பூட்டிய கை தளர்ந்துபோனதைச் சொன்னதற்கு மூன்று மாதத்துக்கு மேல் கூலியில்லை!

சாவியை நீட்டும் கை

இனி அந்தக் கடைக்குள் நுழைவோம். அமெரிக்காவில் இத்தகைய கடைகளில் 'சர்வீஸ் அட்வைசர்' என்று ஒரு ஊழியர் இருப்பார். வாசலில் வரவேற்பவர், காரின் குறையைக் கேட்டு எழுதுபவர், உபசாரக் காரின் சாவியைச் சிரித்த முகத்தோடு நீட்டுபவர் அவர்தான்.

கலிபோர்னியாவில் மெர்சிடஸ் கார் விற்கும் ஒரு நிறுவனத்தின் மீது இத்தகைய ஊழியர்கள் வழக்குப் போட்டார்கள். காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை, வாரத்துக்கு 5 நாளாவது வேலை. மணிக் கணக்கில் சம்பளம் கிடையாது, விற்கும் சர்வீசுக்குக் கமிஷன்தான். கூடுதல் நேரத்துக்கு ஓவர்டைம் வேண்டும் என்பது அவர்களுடைய மனு. வாரம் 40 மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி என்பது அமெரிக்காவின் பழைய சட்டம். ஆனால் அதில் கார்க் கடைகளின் விற்பனையாளர், உதிரிபாக ஊழியர், மெக்கானிக் ஆகிய மூவருக்கும் விலக்கு இருக்கிறது. சர்வீஸ் அட்வைசரும் அந்த விலக்கில் அடங்குவாரா என்பதே கேள்வி.

2018 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. 5 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 நீதிபதிகள் மறு பக்கம். ஓவர்டைம் கிடையாது!

ஷெட்டுக்குள் இருக்கும் மெக்கானிக்கின் நிலை என்ன? அங்கே பெரும்பாலான கார்க் கடைகளில் அவருக்கு இந்த வேலைக்கு இத்தனை மணி என்று புத்தகத்தில் எழுதிய கணக்குப்படிதான் கூலி. அதற்கு மேல் நேரம் பிடித்தால் நஷ்டம் அவருக்கு. நம் ஊர் 'பீஸ் ரேட்'தான், வேறு சட்டை போட்டிருக்கிறது.

சீமானின் இரண்டு நாள் வீணாகக் கூடாது என்று கவலைப்படும் கடையில், ஊழியரின் மணிகளுக்கு மதிப்பில்லை. 'இலவசக்' கார் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா? காரின் விலையிலும் சர்வீஸ் பில்லிலும் ஒரு பங்கை ஏற்றிவிடுகிறார்கள். மீதியை உழைப்பவனின் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

மரியாதையா, கணக்கு வித்தையா?

இன்னொரு ரகசியமும் வெளிவந்திருக்கிறது. கடைக்காரர் ஒரு புதிய காரை உபசாரக் கார் என்று பதிவு செய்தால், அதைக் கம்பெனி 'விற்ற கார்' என்று கணக்கெழுதிக்கொள்ளும் ஏற்பாடு அமெரிக்காவில் உண்டு. உண்மையில் அதை வாங்கியவர் யாருமில்லை. ஆனால் புத்தகத்தில் விற்பனை ஏறிவிடும்!

2020 செப்டம்பர் 24 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம், ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி மீது ஓர் உத்தரவை வெளியிட்டது. 2015 முதல் 2019 வரை அமெரிக்க விற்பனை எண்ணிக்கையைக் கம்பெனி ஊதிக் காட்டியது என்பது ஆணையத்தின் முடிவு. வாடிக்கையாளருக்கு விற்காத கார்களை 'காட்சிக் கார்', 'உபசாரக் கார்' என்று பெயரிட்டுப் பதிவு செய்யக் கடைக்காரர்களுக்குப் பணம் கொடுத்தார்கள், அப்படிப் பதிந்த கார்களை விற்றவையாக எண்ணினார்கள் என்று ஆணையம் சொன்னது. இத்தகைய எண்களை வைத்துக்கொண்டு கடன் பத்திரங்கள் மூலம் சுமார் 1,800 கோடி டாலர் திரட்டினார்கள். குற்றத்தைக் கம்பெனி ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. 1 கோடியே 80 லட்சம் டாலர் அபராதம் கட்டச் சம்மதித்து விவகாரத்தை முடித்துக்கொண்டது. திரட்டிய தொகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு!

இதே கம்பெனியின் கார்கள் செங்கல்பட்டுக்கு அருகே மகேந்திரா சிட்டியில் 2007 முதல் பூட்டப்படுகின்றன. அங்கேயோ வேறெந்த ஆலையிலோ ஒரு தொழிலாளி வராத நாளை வந்ததாக எழுதினால் என்ன ஆகும்? சார்ஜ் ஷீட், விசாரணை, டிஸ்மிஸ்! விற்காத காரை விற்றதாக எழுதினால்? அபராதத்தைக் கட்டிவிட்டு நிமிர்ந்து நடக்கலாம்!

பழுதுக்கு யார் பொறுப்பு?

இவ்வளவும் எதற்குச் சொன்னோம்? உபசாரக் காரை ஒழிக்கச் சொல்லவில்லை. அதற்குள் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. அந்த நியாயத்தை நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். "வண்டி பழுதானது உங்கள் குற்றமல்ல, ஆகவே உங்களுக்கு ஒரு நாள்கூட நஷ்டம் வரக் கூடாது, பதிலை நாங்கள் தருகிறோம்." கடைக்காரர் சீமானிடம் சொல்வது இதுதானே? சரியான வார்த்தை! இதை ஏன் தொழிலாளியிடம் சொல்வதில்லை?

ஆலையில் மெஷின் பழுதானால் லே-ஆஃப். கரண்ட் இல்லை, பஞ்சு இல்லை, நூல் தேங்கிவிட்டது என்றாலும் லே-ஆஃப். இதில் எது தொழிலாளியின் குற்றம்? ஒன்றுமில்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? 1953ல் தொழில் தகராறு சட்டத்தைத் திருத்தி, லே-ஆஃப் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கொடு என்று எழுதினார்கள். அதுவும் போராடிப் பெற்றதுதான். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்தது. அதிலும் அதே பாதி! 72 ஆண்டுகளில் கார் மாறியது, மெஷின் மாறியது. பாதி மட்டும் பாதியாகவே நிற்கிறது.

அந்தப் பாதியும் எல்லோருக்கும் உண்டா? 50 பேருக்குக் குறைவான தொழிற்சாலை என்றால் இல்லை. பருவத் தொழில் என்றால் இல்லை. ஓராண்டுத் தொடர் வேலை காட்டாவிட்டால் இல்லை. பதிலித் தொழிலாளிக்கு இல்லை. அவரும் ஓராண்டு பூர்த்தி செய்தால்தான் உண்டு. அந்த ஓராண்டு பூர்த்தியாகாமல் பெயரை வெட்டும் வித்தையை ஆலைத் தோழர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாருங்கள் வேடிக்கையை! காருக்குப் பதிலாக வரும் கார், மெருகேறி வாசலில் நிற்கிறது. அதற்கு உபசாரக் கார் என்று பெயர். ஆளுக்குப் பதிலாக வரும் ஆள், சங்கு ஊதியதும் ஓடிவந்து, இன்று வேலை உண்டா இல்லையா என்று கேட்டுக்கு வெளியே நிற்கிறான். அவனுக்குப் பதிலி என்று பெயர்.

விவசாயக் கூலித் தோழரின் கதி இதைவிட மோசம். மழை வந்து நடவு நின்றால் அன்றைய கூலி போயிற்று. வெள்ளம் வந்து கதிர் அழிந்தால் சர்க்கார் நிவாரணத்தை நிலத்தின் அளவைப் பார்த்துக் கொடுக்கிறது. நாற்று நட்டவளுக்கு, அறுக்கக் காத்திருந்தவனுக்கு நிலம் ஏது, அளவு ஏது? 2005ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், கேட்ட 15 நாளில் வேலை தராவிட்டால் படி கொடுக்க வேண்டும் என்றது. எவ்வளவு படி? முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதற்குப் பிறகு அரைப் பங்குக்குக் குறையாமல். அதையாவது கையில் வாங்கியவர் உங்கள் ஊரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

சீமானுக்கு முழுக் கார். ஆலைத் தொழிலாளிக்கு அரைக் கூலி. வயல் தொழிலாளிக்குக் கால் கூலி, அதுவும் காகிதத்தில்!

"வேலை நடக்காத நாளுக்குக் கூலி கொடுத்தால் தொழில் நாசமாகிவிடும்" என்று முதலாளிகள் முகாரி பாடுகிறார்கள். கார் ஓடாத நாளுக்குக் கார் கொடுத்து எந்தக் கம்பெனி நாசமாயிற்று? அதைக் காட்டியே விற்பனையைப் பெருக்கினார்கள்! ஆகவே முடியாது என்பது பொய். யாருக்குச் செய்வது, யாருக்கு மறுப்பது என்பதுதான் விஷயம்.

மரியாதையாகக் கொடுப்பதை நாளைக்கு நிறுத்திவிடலாம். உரிமையாகப் பெற்றதை அப்படிப் பறிக்க முடியாது. நாம் கேட்பது உபசாரம் அல்ல, உரிமை. லே-ஆஃப் நாளுக்கு முழுக் கூலி; பதிலிக்கும் அதே பாதுகாப்பு; வயலில் வேலை நின்ற நாளுக்கு வயிறு நிறையும் படி. சங்கக் கூட்டத்திலும் கிராம சபையிலும் இதை எழுப்புங்கள். மெஷின் நின்றுவிட்டது, வீட்டுக்குப் போ என்று மேனேஜர் சொல்லும்போது, எல்லோரும் சேர்ந்து நின்று ஒரே கேள்வி கேளுங்கள்:

கார் நின்றால் பதில் கார் வருகிறது. வேலை நின்றால் பதில் கூலி எங்கே?