ஒப்பியல் மொழியியல் மேற்படிப்பும் எங்கள் கல்வி நிதியும்

ஒப்பியல் மொழியியலில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்க வரும் மாணவருக்கு எங்கள் கல்வி நிதியிலிருந்து உதவலாமா? ரவாங் வட்டாரத் தமிழாசிரியர்களும் பட்டதாரிகளும் கூடி நடத்தும் அமைப்பு என்ற முறையில் எங்கள் பதில்: உதவ வேண்டும். ஆனால், ஒப்பீடு என்று பெயர் சூட்டிக்கொண்டு வரும் எல்லா ஆய்வுக்கும் அல்ல.

“இத படிச்சா என்ன வேலை கிடைக்கும்?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆசிரியப் பணி, பாடநூல் ஆக்கம், மொழிபெயர்ப்பு என்று வழிகள் சிலவே. அதை மாணவரிடம் மறைப்பதற்கில்லை. ஆனால், வேலைக்கணக்கு மட்டும் பார்த்திருந்தால் மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறையின் தமிழ் நூலகத்துக்காக கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி திரட்டியிருக்க மாட்டார். சாதாரண உழைப்பாளிகள் கையிலிருந்ததைக் கொடுத்த நிதி அது. அந்தத் துறைக்குப் பின்னர் தலைமையேற்ற தனிநாயகம் அடிகள் 1966 ஏப்ரலில் முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார்.

எங்கள் தயக்கம் வேறு இடத்தில்: ஒலி ஒத்த சொற்களை அடுக்குவதையே ஒப்பீடு என்பதில். மலாயில் ‘கப்பால்’, தமிழில் கப்பல். அங்கே ‘கெடாய்’, இங்கே கடை. இவை கடல் வணிகம் விட்டுச்சென்ற கடன்சொற்கள். கொடுக்கல் வாங்கலுக்குச் சான்று, உறவுக்கு அல்ல. உறவைக் காட்டுவது ஒழுங்கு. பால் கன்னடத்தில் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. ஒரு சொல்லில் இப்படி நேர்ந்தால் தற்செயல் எனலாம். சொல்லுக்குச் சொல் பகரம் ஹகரமாவது விதி. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் அந்தப் பகரம் அப்படியே இருக்கிறது.

இதே முறை நமக்கு உவப்பில்லாததையும் சொல்லும். நம் செவி கன்னடத்தில் கிவி. இ, எ போன்ற முன்னுயிருக்கு முன் ககரம் சகரமாக மாறியது தமிழில். இந்தச் சொல்லில் பழைய ஒலியைக் காத்தது கன்னடம். ‘எல்லாம் தமிழிலிருந்தே கிளைத்தன’ என்ற முடிவைக் கையில் வைத்துக்கொண்டு சான்று தேடப் போகிறவர் கிவியைக் கண்டதும் என்ன செய்வார்? கண்டுகொள்ளாமல் கடந்துவிடுவார். தேவநேயப் பாவாணரின் உழைப்பின்மீது எங்களுக்கு மதிப்பு உண்டு. ஆனால், உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே மூலம் என்ற அவரது முடிவை ஆய்வேட்டின் தொடக்கப்புள்ளியாக ஏற்க முடியாது. உறுப்பினர் சிலருக்கு இதில் மனத்தாங்கல்; இருந்தும் பெரும்பான்மையின் கருத்து இதுவே. 1856இல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் திராவிடக் குடும்பத்தை நிறுவியது நிலைத்தது. அதைச் சித்திய மொழிகளோடு இணைக்கப் பார்த்தது நிலைக்கவில்லை.

தரவுக்கு நம் மாணவர் விமானம் ஏற வேண்டியதில்லை. தெலுங்கும் மலையாளமும் பேசும் குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கின்றன. கிள்ளானுக்கு அப்பால் கேரித் தீவில் வாழும் மா மெரி மக்களின் மொழி, கெமர், வியட்நாமிய மொழிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே சிலாங்கூரில் தெமுவான் மக்கள் பேசுவதோ மலாய்க்கு நெருங்கிய மொழி. மூன்று மொழிக்குடும்பங்கள் ஒரே மாநிலத்தில் கலந்து வாழ்கின்றன. நாமோ மதுரையையும் சென்னையையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, உதவி கேட்பவர் தமிழோடு இன்னொரு திராவிட மொழியை அதன் எழுத்திலேயே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதலாண்டுக்குள் கற்க வேண்டும். பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் 1984ஆம் ஆண்டுப் பதிப்பைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். ஆய்வேடு எந்த மொழியில் இருந்தாலும் சரி. தமிழில் எழுதினால் மகிழ்ச்சி. மலாயாப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் நிபந்தனை ஒன்றுதான்.

விண்ணப்பத்தோடு பிரமுகர் யாருடைய பரிந்துரைக் கடிதமும் வேண்டாம். தன் கருதுகோளுக்கு ஒத்துவராத சொற்கள் எவை என்று மாணவரே எழுதிய ஒரு பக்கம் போதும்.