சுங்கம் தவிர்தல்

முதற் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கந்தவிர்த்த சோழன்’ என்றொரு பெயருண்டு. சுங்கம் விதித்த மன்னர் பலரிருக்க, தவிர்த்தவனுக்கே அப்பெயர் நிலைத்தது. அரசும் தனியாரும் கூட்டாகச் சாலை சமைக்கும் இக்காலத்தில், சுங்கம் என்று தவிரும் என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கிறது.

யமுனையின் குறுக்கே 2001இல் திறக்கப்பட்ட தில்லி–நொய்டா பாலத்தைக் காண்போம். 1997ஆம் ஆண்டு ஒப்பந்தம், முதலிட்ட நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 20 விழுக்காடு ஆதாயம் வகுத்தது. வசூல் அதை எட்டாவிடில், குறைந்த தொகை திட்டச் செலவோடு சேரும். அதற்கும் ஆதாயம் கணக்கிடப்படும். வண்டிகள் கடக்கக் கடக்க, மீட்கவேண்டிய தொகை தேயாமல் வளர்ந்தது. 2016இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தியது; 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

தனியார் முதலீடே ஆகாதென்று நாம் சொல்லவில்லை. அம்முதலீட்டால் பாலம் எழுந்தது. ஆற்றைக் கடப்பது எளிதாயிற்று. ஆனால் செலவு எவ்வளவு, மீண்டது எவ்வளவு, வசூல் முடியும் நாள் எது என்பவை ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் எழுதிவைக்கப்பட வேண்டும். வழக்காடித்தான் சுங்கம் தவிரவேண்டுமெனில், அந்தக் கூட்டில் பணம் செலுத்திய மக்களுக்கு இடம் எங்கே?