முகூர்த்தத்துக்கு ஒற்றைக் கார்டு போதாது

நிலக்கோட்டை வட்டாரத்தில் கல்யாண போட்டோ, வீடியோ எடுத்துப் பிழைக்கும் நாங்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு இது. முகூர்த்தப் படங்கள் எடுக்கும்போதே இரண்டு மெமரி கார்டுகளில் ஒருசேரப் பதிவாக வேண்டும். அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஏற வேண்டும். அந்த இரண்டும் ஒரே கடையில் கிடக்கக் கூடாது. இதற்கான செலவு எங்கள் கட்டணத்தில் சேரும். பேரத்தில் இதைக் கழிக்க மாட்டோம்.

காரணம் மணமேடைக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். கெட்டிமேளம் என்று குரல் எழுந்ததும் நாலாபுறமிருந்தும் அட்சதை விழும். சொந்தக்காரர்கள் செல்போனோடு குறுக்கே வருவார்கள். மாப்பிள்ளை போடும் முதல் முடிச்சை மாலை மறைக்கும். நாத்தனார் முடிச்சு, பெண்ணின் பின்னால் இடம் பிடித்தவருக்கே கிடைக்கும். எல்லாம் சில விநாடிகள்தான். வரவேற்பில் ஒரு படம் தவறினால் மறுபடி நிற்கச் சொல்லலாம். இங்கே அது நடக்காது. அந்த நேரத்துப் படங்கள் இருக்கிற கார்டு, கம்ப்யூட்டரில் போட்டதும் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மலிவு விலைக்கு வரும் போலிக் கார்டுகளில் எழுதியிருக்கும் கொள்ளளவுகூட உண்மையில்லை.

2018இல் வந்த கேனான் ஈஓஎஸ் ஆர், நிக்கான் இசட்6, இசட்7 மூன்றிலும் ஒரே கார்டு ஸ்லாட். உலகமெங்கும் கல்யாணப் படம் எடுப்பவர்கள் முணுமுணுத்தார்கள். 2020இல் வந்த கேனான் ஆர்6, நிக்கான் இசட்6 இரண்டாம் பதிப்பு ஆகியவற்றில் ஸ்லாட் இரண்டானது. ஆனால் அந்தப் பழைய கேமராக்கள் செகண்ட் ஹேண்டில் சுற்றுகின்றன. புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் அவற்றைத்தான் வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு ஸ்லாட் இருந்தும் ‘ஓவர்ஃப்ளோ’விலேயே விட்டுவைக்கும் சீனியர்களைத்தான் சொல்ல வேண்டும். முதல் கார்டு நிரம்பிய பிறகு இரண்டாவதுக்குப் போவது பாதுகாப்பே அல்ல. முகூர்த்தத்துக்கு, இரண்டிலும் ஒருசேரப் பதியும் ‘பேக்கப்’தான்.

செலவு சின்னதல்ல. 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ராவ் ஃபைல் சுமார் 25 எம்பி என்று வைத்தாலும் 3,000 படத்துக்கு 75 ஜிபி. 100 மெகாபிட் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இதை அப்படியே இரட்டிக்க வேண்டும். முகூர்த்த நாளில் நம்மூர்ப் பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறினால் கல்யாண வீட்டார் முனகிக்கொண்டாவது வாங்குகிறார்கள். எங்களிடம் மட்டும் ‘பார்த்துக் குறைங்க தம்பி’. ஆடியிலும் மார்கழியிலும் கேமரா பையிலேயே இருக்கிற தொழில் இது.

படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியிலும் ஒளிவுமறைவு வேண்டாம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர். எங்களில் சிலருக்கு இது கசக்கிறது. கசந்தாலும், பெண் வீட்டாரையும் மாப்பிள்ளை வீட்டாரையும் கேட்காமல் இன்ஸ்டாகிராமில் படம் போடுவது இனி கூடாது. ராவ் ஃபைல் வேண்டுவோர் அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லட்டும். தனிக் கட்டணத்துக்குத் தருவோம். எடிட் செய்யாத ராவ் வெளிறித்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘படம் மங்கல்’ என்று ஊரில் சொல்லக் கூடாது.

ஆல்பம் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு பிரதிகளை வைத்திருப்போம். அதற்குள் வீட்டாரும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒற்றை ஸ்லாட் கேமரா மட்டும் உள்ளவர் அட்வான்ஸ் வாங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். முகூர்த்த நேரத்துக்கு இரண்டாவது கேமராவோடு ஒருவரை நிறுத்த வேண்டும். எங்களில் அன்று வேலை இல்லாதவர் தன் கேமராவை அவருக்கு வாடகையில்லாமல் கொடுப்பார். வரும் ஆவணி முகூர்த்தங்களிலிருந்து இது நடைமுறைக்கு வருகிறது.