காலடி படாத கரை

அழகைக் காண நெடுந்தொலைவு சென்றவன் அதன் வாயிலில் நிறுத்தப்படுவானாயின் சினங்கொள்வது இயல்பே. இத்தாலியின் புடெல்லித் தீவின் முன்னே நானும் சினங்கொண்டேன்.

சார்டினியாவுக்கும் கோர்சிகாவுக்கும் இடைப்பட்ட கடலிலே லா மடலேனாத் தீவுக்கூட்டம் உளது. அதில் ஒன்று புடெல்லி. அங்குள்ள சிறு குடாவொன்றின் மணல் இளஞ்சிவப்பு நிறத்தால் பெயர்பெற்றது. 1964ஆம் ஆண்டில் அந்தோனியோனி தமது ‘செம்பாலை’ என்னும் திரைப்படத்தில் அக்கரையைக் காட்டினார். மாணவப் பருவத்தில் அப்படத்தைக் கண்ட நாள் முதல், அம்மணலில் ஒருமுறை கால்பதிக்க வேண்டுமென்பது என் அவா.

ஆனால் எங்கள் படகு மிதவைகளுக்கு அப்பால் செல்லவில்லை. 1990களிலிருந்து அங்கே இறங்குதல் தடுக்கப்பட்டுள்ளது. காரணம் வெளிப்படை. பொசிடோனியா என்னும் கடற்புல்லைப் பற்றி வாழும் ஒருகல நுண்ணுயிரின் செந்நிற ஓடுகள், அது இறந்தபின் அலைகளால் நொறுங்கிக் கரை சேர்வதாலேயே அந்நிறம் உண்டாகிறது. வந்தோர் போத்தல்களிலும் பைகளிலும் மணலை அள்ளிச் சென்றனர். படகுகளின் நங்கூரங்கள் கடற்புல்லைக் கிழித்தன. 1994இல் அத்தீவுக்கூட்டம் தேசியப் பூங்காவாயிற்று. 1989 முதல் 2021 வரை மவுரோ மொராந்தி என்பவர் தன்னந்தனியே அங்கு வாழ்ந்து கரையைக் காத்து வந்தார்.

“சிறுவயதில் அங்கேதான் விளையாடினேன், என் மகனோ அதை மிதித்ததே இல்லை” என்றார் படகோட்டி. என் ஏமாற்றம் ஒரு பயணியின் ஏமாற்றம். அவருடையதோ பிறந்த மண்ணை இழந்தவரின் துயரம். அள்ளிய கைகள் ஒருபுறம். தடுக்கப்பட்ட கால்கள் மறுபுறம். இது நீதியா என்று கேட்போர்க்கு, முழு நீதியன்று என்றே விடை கூறுவேன். ஆயினும் தடை வேண்டும் என்பதே என் துணிபு. அநீதி தடையில் இல்லை. அதனைத் தேவையாக்கிய பேராசையில் உளது.

அப்பேராசை பிறருடையது மட்டுமன்று. இளமையில் நம்மூர்க் கடற்கரையிலிருந்து நான் எடுத்துவந்த பவளத்துண்டுகள் என் அலமாரியில் இன்றும் உள. ஒரு துண்டால் என்ன குறைந்துவிடும் என்று அன்று எண்ணினேன். புடெல்லியில் அள்ளிய ஒவ்வொருவரும் அவ்வாறே எண்ணியிருப்பர்.

தொலைவிலே வெளிறிய செங்கோடொன்று தெரிந்தது. படத்திற் கண்ட நிறம் அதுவன்று. படகு திரும்பியது, கால் நனையாமலே நான் மீண்டேன். பார்ப்பதற்கு உரிமையுண்டு, எடுப்பதற்கு இல்லை என்ற பாடத்தை நம் மாணவர்க்கு நாமே முதலிற் கற்பிப்போமாயின், நாளை நம் கரைகளுக்கு முன்னே மிதவைகள் வேண்டியிரா.