அந்த அரைப் புள்ளி



உங்களைவிடப் பெரிய வகுப்பு அண்ணனோடு செஸ் ஆடி, 'டிரா' செய்துவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். "ஜெயிச்சியா?" என்று கேட்கிறார்கள். "இல்லை" என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறீர்கள். அந்த முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இன்று ஒரு டிரா கதை.

2004-ம் ஆண்டு மார்ச் மாதம். ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் விரைவுச் சதுரங்கப் போட்டி. ஒருவர், உலகத் தரவரிசையில் முதலிடத்தில் இருந்த ரஷ்யாவின் காஸ்பரோவ். வயது 40, ரேட்டிங் 2831. எதிரில் நார்வே சிறுவன் மேக்னஸ் கார்ல்சன். வயது 13, ரேட்டிங் 2484.

இடையில் 347 புள்ளிகள்! இவ்வளவு வித்தியாசம் இருந்தால், பத்து ஆட்டத்தில் பெரியவர் சுமார் ஒன்பது புள்ளி எடுப்பார் என்பது ரேட்டிங் கணக்கு. அப்படியானால் ஒரே ஒரு டிராவில் கிடைக்கும் அரைப் புள்ளி சிறியவருக்கு லாபம், பெரியவருக்கு நஷ்டம். பலகையில் மட்டும்தான் அது சமம்.

காஸ்பரோவ் தாமதமாகத்தான் வந்தார். ஆட்டம் தொடங்கியது. வெள்ளைக் காய் வைத்திருந்த சிறுவனின் கை ஓங்கியது. முதலிடக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். ஆனாலும் அவர் லேசுப்பட்டவரா? தப்பித்துக்கொண்டார். 52 நகர்த்தல்களில் டிரா.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த ஆட்டத்தில் காஸ்பரோவ் வென்றார்; சிறுவன் போட்டியிலிருந்து வெளியேறினான். அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த மாதமே அவன் கிராண்ட்மாஸ்டர் ஆனான். 2013-ல் நம் சென்னையில், நம் ஆனந்தை வென்று உலகச் சாம்பியனும் ஆனார். (நமக்கு வருத்தம்தான், என்ன செய்வது!)

சரி, நீங்கள் பெரிய ஆட்டக்காரராக இருந்து, சின்னவன் டிரா செய்துவிட்டால்? இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நான் ஆசிரியராக இருந்தபோது, ஒரு மழைநாளில் ஏழாம் வகுப்பு மாணவனுடன் ஆடினேன். கடைசியில் இரண்டு ராஜாக்கள் மட்டுமே மிஞ்சினர். சுற்றி நின்ற பிள்ளைகளிடம், "சின்னப் பையனாச்சேன்னு விட்டுக்கொடுத்தேன்" என்றேன்.

பொய். என் கடைசிச் சிப்பாயை அவன் விரட்டிப் பிடித்து வெட்டியிருந்தான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. காய்களை எண்ணிப் பெட்டியில் போட்டு, மூடி, என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். மறுநாளாவது வகுப்பில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.